கூட்டுக்குள் காடை

ஒரு படம் பார்த்துவிட்டு நாங்கள் பன்னிரண்டு காடை சமைத்த கதை இது. செய்முறை மட்டும் வேண்டிய சகோதரிகள் பிற்பாதிக்கே போய்விடலாம், கோபிக்க மாட்டேன்.

2018 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிராமம் ஒன்று. அங்குள்ள மகளிர் குழுவுக்கு நான் மாதம் இரண்டு தடவை போய்வருவேன். சேமிப்புக் கொப்பியைப் பார்ப்பது, கடன் நிலுவையைக் கேட்பது, யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன படிவம் கொடுக்க வேண்டும் என்று விசாரிப்பது, இவைதான் என் வேலை. குழுவில் அநேகமானோர் பெண் தலைமைத்துவக் குடும்பத்தவர்.

அவர்களில் ஒரு தங்கச்சிக்கு வாழ்வாதார உதவியாக அறுபது யப்பான் காடைக் குஞ்சுகள் கிடைத்திருந்தன. கொடுத்தவர்கள் கூடும் கொடுத்தார்கள், ஒருநாள் பயிற்சியும் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு யார் வாங்குவார்கள் என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்கு ஆடு, யாருக்குத் தையல் இயந்திரம் என்று மேசையில் இருந்தே முடிவாகும் உதவிகளில் இந்தக் குறை வழமையானது. நானும் அப்படியான மேசைகளில் இருந்தவள்தான்.

யப்பான் காடை வளர்ப்பதற்கு நல்ல பறவை. பதினேழு, பதினெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். ஆறு ஏழு கிழமையில் முட்டையிடத் தொடங்கும். முட்டை ஒன்று பத்துக் கிராம் அளவில் இருக்கும். கூட்டில் வளர்ந்து வளர்ந்து அடைகாக்கும் குணம் அதற்குப் போய்விட்டது. ஆகையால் பொரிப்பு இயந்திரம் வேண்டும், இல்லாவிட்டால் அடைக்கோழியின் கீழ் வைக்க வேண்டும். குஞ்சுகள் மிகச் சின்னவை, தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும். தட்டுக்குள் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். தங்கச்சி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஆறாம் கிழமை பார்த்தால், நெஞ்சில் புள்ளியில்லாமல் செம்மண் நிறமாக இருந்தவைதான் பாதிக்கு மேல். அவை சேவல்கள். பெட்டைக்கு நெஞ்சில் கரும்புள்ளி இருக்கும். சேவல்கள் தீனியைத் தின்றுவிட்டு ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நின்றன. ஊரில் வாங்க ஆளில்லை. "உந்தச் சின்னனில என்ன இறைச்சி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

காடை என்றதும் பல்கலைக்கழகக் காலத்தில் பார்த்த ஒரு படம் எனக்கு நினைவுக்கு வந்தது. பெயர் 'பாபெற்றின் விருந்து'. டென்மார்க் நாட்டுப் படம். காரன் பிளிக்சன் என்ற பெண் எழுத்தாளரின் கதையைக் கேப்ரியல் அக்செல் 1987 இல் படமாக்கினார். சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. அடுத்த கூட்டத்தன்று மடிக்கணினியைக் கொண்டுபோய், பொதுநோக்கு மண்டபத்துச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டிப் படத்தைக் காட்டினேன். தமிழில் எழுத்து இல்லை. நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னேன்.

1871 இல் பாரிசில் நடந்த கிளர்ச்சியில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெற் என்ற பெண், டென்மார்க்கின் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்கு அகதியாக வருகிறாள். மழை இரவு, கையில் ஒரே ஒரு கடிதம். போதகர் ஒருவரின் இரண்டு மகள்மார், கலியாணம் செய்யாத சகோதரிகள், அவளை வீட்டில் சேர்க்கிறார்கள். சம்பளம் கொடுக்க அவர்களிடம் வசதியில்லை. பதினான்கு வருடம் அவள் அந்த வீட்டில் சமைக்கிறாள். முதல்நாள் சகோதரிகள் அவளுக்குக் காய்ந்த மீனை ஊறப்போடப் பழக்குகிறார்கள். பாரிசின் பெரிய உணவகம் ஒன்றில் தலைமைச் சமையற்காரியாக இருந்தவள் அவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"கருவாடு ஊறப்போட அவவுக்கே பழக்கினமோ!" என்று எல்லோரும் சிரித்தார்கள். முன்னர் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை நடத்திய ஓர் அக்கா சிரிக்கவில்லை. "செட்டிகுளம் முகாமில எனக்கும் உப்பிடித்தான். பருப்பு எப்பிடிக் கழுவிறதெண்டு ஒரு பொடியன் எனக்குப் பழக்கினவன். ஓம் தம்பி, ஓம் தம்பி எண்டு நிண்டனான்" என்றார்.

பாபெற்றுக்கு அதிர்ஷ்டலாபச் சீட்டில் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. ஊர்திரும்பப் போதிய காசு. அவள் திரும்பவில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரேயொரு இராச்சாப்பாடு சமைக்கிறாள். முழுக் காசும் அதில் முடிகிறது. அந்த விருந்தின் நடுநாயகம் காடைதான். ஈரல் அடைத்த காடையை மாவில் செய்த சிறு பெட்டிக்குள் வைத்து, விலைகூடிய ஒருவகைக் காளான் குழம்போடு தருவாள்.

படம் முடிய வாக்குவாதம் தொடங்கியது. "விசரி. வங்கியில போட்டிருக்கலாம்" என்றார் எங்கள் பொருளாளர். "பதினாலு வரியம் மற்றவையின்ர வாய்க்குச் சமைச்சவ, ஒருநாள் தன்ர கைக்குச் சமைச்சால் என்ன?" என்றார் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற அக்கா. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பொருளாளர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பத்தாயிரம் ரூபா நுண்கடனுக்காக வீட்டுக் கதவடியில் ஆள் வந்து நிற்கும் ஊர் அது.

படத்தில் இன்னொரு விடயமும் உண்டு. விருந்துக்கு வரும் முதியவர்கள் பக்தியானவர்கள். நாக்குக்கு இன்பம் கொடுப்பது பாவம் என்று நினைத்து, எவ்வளவு ருசியாக இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று தங்களுக்குள் தீர்மானிப்பார்கள். இதை நான் விளக்கியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அது சரிதானே" என்றது. அம்மா என்று ஊரே கூப்பிடும் ஒருவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் இழவு விழுந்தால் மச்சம் நிற்கும். எட்டுச் செலவுக்கு, இறந்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய வீடு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். எல்லாமே நாட்கணக்கில் நடப்பது. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் அந்தக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்கும்?

அம்மா தன் மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகலில், பேருந்தில் ஏறும்போது. அன்றிலிருந்து மச்சம் தொடவில்லை. இறந்ததாகச் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அதையும் அவர் எடுக்கவில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் உறவுகள் போராட்டம் தொடங்கிய பிறகு, கிழமையில் சில நாட்கள் பேருந்து பிடித்துப் போய் அங்கே இருந்துவிட்டு வருவார். வீட்டுச் சமையலில் உப்புப் பார்க்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்.

விரதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார். "அவனுக்குப் பறவைக் கறியெண்டால் உயிர். அதைச் சமைச்சு வைச்சால் படையல் மாதிரியெல்லோ பிள்ளை. படைச்சால், அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி." நான் படித்த சமூகவியல் புத்தகங்களில் துக்கச் சடங்குகள் பற்றி நிறைய இருந்தது. இது இருந்ததாக நினைவில்லை.

சிக்கல் என்னவென்றால், சின்னப் பறவை சமைக்கத் தெரிந்தவர் குழுவில் அவர் ஒருவர்தான். அவருடைய கணவர் அந்தக் காலத்தில் பற்றைக்காட்டில் கண்ணி வைத்துக் கௌதாரியும் காடையும் பிடித்து வந்தவர். இப்போது வன்னியில் கண்ணி என்றால் பிள்ளைகளுக்குக் கண்ணிவெடிதான் தெரியும். காட்டுப் பறவைகளை 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் காக்கிறது. எங்கள் காட்டுக்கோழி இலங்கையின் தேசியப் பறவை. ஆகவே இந்தச் செய்முறை கூட்டில் வளர்த்த காடைக்கு மட்டும்.

தங்கச்சி போய்க் கேட்டார். அம்மா வந்தார். தொட மாட்டேன், சொல்லித்தாறன் என்று பலகையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

காடைக்குத் தண்ணீர் கொதிக்கக்கூடாது. கை பொறுக்காத சூடு போதும். அதில் சில விநாடி அமிழ்த்தி எடுத்து இறகு பிடுங்க வேண்டும். நாங்கள் கொதிநீரில் போட்டோம். முதலாவது காடையின் நெஞ்சுத்தோல் இறகோடு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. "விடு பிள்ளை, தோல் கிழியுது" என்று அம்மா தங்கச்சியின் கையிலிருந்து மூன்றாவதைப் பறித்தார். பிறகு பலகைக்குத் திரும்பவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மிச்ச மயிரை ஓலை நெருப்பில் காட்டிப் பொசுக்கினார். குடல் எடுத்துக் கழுவி, உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, தேசிக்காய்ப்புளி பூசி அரை மணித்தியாலம் வைத்தார். படத்தில் தலையோடு பரிமாறுவார்கள். அது வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

உள்ளே அடைப்பதற்கு வாத்தீரலுக்குப் பதில் கோழி ஈரல், பன்னிரண்டு காடைக்கு முந்நூறு கிராம். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, உள்ளி, இஞ்சி, கொஞ்சம் பெருஞ்சீரகம் சேர்த்து வதக்கினோம். மழைக்குப் புற்றடியில் பூத்த காளானை அம்மா காலையில் பிடுங்கி வந்திருந்தார். காளான் அடையாளம் தெரிந்தவர் இல்லாவிட்டால் தயவுசெய்து கடையில் சிப்பிக் காளான் வாங்குங்கள், நச்சுக் காளான் உயிரை எடுக்கும். ஒவ்வொரு காடைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி அடைத்து, ஈர்க்கால் குத்தி மூடினோம்.

தாச்சியில் தேங்காயெண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கப் பொரித்து எடுக்க வேண்டும். பிறகு மண்சட்டியில் வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை தாளித்து, வறுத்த கறித்தூள் இரண்டு கரண்டி போட்டு, கப்பிப்பால் விட்டு, காடைகளை நெஞ்சு கீழே இருக்கும்படி அடுக்கி மூட வேண்டும். மெல்லிய நெருப்பில் இருபது நிமிடம். நெஞ்சிறைச்சி கெதியில் வறண்டுவிடும் என்பதால்தான் கவிழ்த்து வைப்பது. முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் காடை என்றால் இன்னும் அரை மணித்தியாலம் கூட வேண்டும். கடைசியில் முதற்பால் விட்டு, கொதி வருமுன் இறக்க வேண்டும்.

மாப்பெட்டிதான் எங்களைப் படுத்தியது. பாபெற் செய்தது போல மாஜரினை இடையில் வைத்து மடித்து மடித்து உருட்டினோம். எங்கள் பகல் வெக்கைக்கு மாஜரின் உருகி மேசையெல்லாம் ஓடியது. அந்த மாவை ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இரண்டாம் முறை ஒரு கிலோ கோதுமை மாவுக்கு நானூறு கிராம் மாஜரினை விரல்நுனியால் உதிர்த்துக் கலந்து, குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் பிசைந்து, கவிழ்த்த சிறு கிண்ணங்களின் மேல் மூடினோம். சந்தியில் உள்ள வெதுப்பகத்துக்காரர் பாண் எடுத்த பிறகு போறணையில் இடம் தந்தார். இருபது நிமிடத்தில் பொன்னிறமாக வந்தது. போறணை இல்லாதவர்கள் மொத்த ரொட்டி சுட்டு அதன்மேல் வைக்கலாம். பார்வைக்குக் கொஞ்சம் குறைவு, வேறொன்றுமில்லை.

பரிமாறும் நேரம் பெயர் என்னவென்று கேட்டார்கள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பிரெஞ்சில் அதன் பொருள், கற்சவப்பெட்டிக்குள் காடை. மண்டபம் அமைதியாகிவிட்டது. பெட்டியில் வைக்கவும் உடல் கிடைக்காதவர்கள் அங்கே நான்கைந்து பேர். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பெட்டி வேண்டாம் பிள்ளை. கூடு எண்டு சொல்லு" என்றார் அம்மா.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இது படையல் இல்லை. ஒண்டும் எடுத்து வைக்கக்கூடாது. ஆறமுதல் திண்டு முடிக்கவேணும்" என்றார். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு காடை. மிச்சம் வைக்க வழியுமில்லை.

முதல் ஐந்து நிமிடம் படத்தில் போலவே ஒருவரும் பேசவில்லை. எலும்பு கடிபடும் சத்தம் மட்டும். பிறகு பொருளாளர், மிளகு கூடிவிட்டது என்றார். இல்லை, காணாது என்றார் சாப்பாட்டுக்கடை அக்கா. ஈரலுக்குக் கொஞ்சம் கள்ளு விட்டிருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, பெரிய சண்டையே வந்தது.

அம்மா தன் காடையைக் கண்ணிவெடி அக்காவின் மகனிடம் கொடுத்துவிட்டார். கூட்டின் ஒரு துண்டை உடைத்துக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார். மெதுவாகச் சப்பினார். பிறகு சட்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"தேசிக்காய் காணாது" என்றார். "இறக்கினாப் பிறகு விடவேணும் எண்டு சொன்னனானெல்லோ. ஆர் மறந்தது?"

தங்கச்சி தேசிக்காய் வெட்ட ஓடினார். அவர் திரும்பி வந்தபோது அம்மா கேட்டார்: "கூட்டில இன்னும் எத்தினை சேவல் நிக்குது?"