கல்லுக்குள் குடைந்த பொடிக் குப்பி

காரியாபட்டிப் பக்கம் பொடி போடும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பொடி மட்டை தெரியும். காய்ந்த வாழைமட்டையில் பொடியை மடித்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொள்வார்கள். காற்றுப் பட்டால் காரம் போய்விடும். ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். இதே தொல்லைக்குச் சீனர்கள் கண்ட வழிதான் பொடிக் குப்பி.

புகையிலைப் பொடி சீன அரசவைக்குள் பரவியதில் ஐரோப்பியப் பாதிரிமாருக்குப் பங்குண்டு. ஐரோப்பியர் அதை டப்பியில் வைத்தார்கள். சீனர்களோ மருந்துக் குப்பியின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் உடல், இறுக்கமான தக்கை மூடி, மூடியின் அடியில் பொடி அள்ள ஒரு குட்டிக் கரண்டி. சிங் வம்ச ஆட்சியில் (1644–1911) கண்ணாடி, பீங்கான் என்று பலவற்றிலும் குப்பி செய்தார்கள். எனக்கு ஜேட் கல்லில் செய்தவைதான் உயர்வு.

ஜேட்டில் சாதாரணக் கத்தி இறங்காது. அதனால் உளியால் செதுக்காமல், ஈரமான கடினக் கல்தூளை வைத்துச் சுழல்கருவியால் தேய்த்துத் தேய்த்தே உருவம் எடுப்பார்கள். வாயோ பென்சில் நுழையும் அளவுதான். அதன் வழியே முதலில் நேராகத் துளையிட்டு, பிறகு வளைந்த கம்பியை விட்டுத் தோள் பகுதியைப் பக்கவாட்டில் குடைய வேண்டும். யாரும் பார்க்காத அந்த உள்பக்கத்தில்தான் கைத்திறன் முழுதும் இருக்கிறது. நல்ல குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் சுவர் ஒளி விடும்.

மேற்குச் சீனாவின் கோத்தான் ஆற்றுக் கூழாங்கல்லில் வெள்ளை ஜேட்டின் மேல் பழுப்புத் தோல் படிந்திருக்கும். கைவினைஞர் அதைச் சீவி எறியமாட்டார். அந்தப் பழுப்பையே வௌவாலாக்கிவிடுவார். நம் ஊரில் வௌவால் வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்பார்கள். சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி ஒன்றே, ‘ஃபு’. ஐந்து வௌவால் இருந்தால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறப்பற்று, அமைதியான முடிவு என்ற ஐந்து பேறுகள். மீன் ‘யூ’, மிச்சம் நிற்கும் வளத்துக்கும் அதே ஒலி. குதிரைமேல் குரங்கு சீக்கிரம் பதவி உயர்வு கிடைக்கட்டும் என்ற வாழ்த்து. விதை நிறைந்த சுரைக்காய் பிள்ளைச் செல்வம், பீச் பழம் நீண்ட ஆயுள். பொடியோடு வாழ்த்தையும் சேர்த்துக் கொடுப்பதால் குப்பி பரிசாகவும் கை மாறியது.

நம் நாட்டு ஜேட் வேலையும் சளைத்ததல்ல. சீனப் பேரரசர் சியென்லோங் (ஆட்சி 1736–1795) இந்துஸ்தான் பாணி ஜேட் கலங்களின் மெல்லிய சுவரை வியந்து சேகரித்தார். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் முகலாய ஜேட் பொருள்களைப் பார்க்கலாம்.

பழைய குப்பி என்று யாராவது விலை சொன்னால் வேலைப்பாட்டை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். வாய்க்குள் டார்ச் அடியுங்கள். தோள் குடையாமல் வெறும் நேர்த்துளை மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது பொடி வைப்பதற்காகச் செய்ததாக இருக்காது.