விளையாட்டு வீரரும் கால்நகமும்

நெருங்கிய நட்பினரை ‘நகமும் சதையும் போன்றவர்’ என்று கூறுதல் தமிழ் வழக்கு. பிரியா உறவுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. நகம் சதையை விட்டுப் பிரியும்போது உண்டாகும் வேதனையை அனுபவித்த விளையாட்டு வீரர் இவ்வுவமையின் உண்மையை நன்கு உணர்வர். எனினும், முழந்தாளில் அடிபட்டால் உடனே முறையிடும் மாணவன், காற்பெருவிரல் நகம் கறுத்தால் அதனைக் காலுறைக்குள் மறைத்துக்கொள்கிறான். அணியிலிருந்து நீக்கிவிடுவர் என்னும் அச்சம் ஒன்று. ‘இச்சிறு நோவையும் பொறுக்கமாட்டானோ’ என்று தோழர் நகைப்பர் என்னும் நாணம் மற்றொன்று. இந்நகநோய்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றுள் பொறுக்கத்தக்கது எது, பொறுக்கலாகாதது எது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

நகத்தின் இயல்பு

நகம் கெரற்றின் என்னும் புரதத்தாலானது. தலைமயிரும் அப்பொருளாலானதே. நம் கண்ணுக்குத் தெரியும் நகத்தகடு உயிரற்றது. ஆதலின் அதனை வெட்டும்போது நோவதில்லை. அதன் கீழுள்ள நகப்படுக்கையோ குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்தது. தோலின் கீழ் மறைந்துள்ள நகமூலத்திலிருந்து புதிய நகம் தோன்றி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. கைவிரல் நகம் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். கால்விரல் நகமோ அதில் ஏறக்குறையப் பாதியளவே வளரும். எனவே, பெருவிரல் நகம் விழுந்தால் மீண்டும் முழுமையாக வளர 12 முதல் 18 மாதங்கள் செல்லும். ஒரு பருவகாலத்துக் கவனக்குறைவின் பயனை அடுத்த பருவகாலத்திலும் அனுபவிக்க நேர்வது இதனாலேயாம்.

கறுத்த நகம்

நெடுந்தூரம் ஓடுவோருக்கும் உதைபந்தாட்டக்காரருக்கும் வேகப்பந்து வீச்சாளருக்கும் பெரும்பாலும் உண்டாவது இதுவே. ஓடுபவர் திடீரென நிற்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் பாதம் சப்பாத்தினுள் முன்னோக்கி வழுக்கி நகம் அதன் முனையில் மோதுகிறது. ஒரு மோதல் சிறிது. ஆயிரக்கணக்கான மோதல்கள் சேர்ந்தால் நகப்படுக்கையிலுள்ள நுண்குழாய்கள் சிதைந்து, குருதி நகத்தின் கீழ்த் தேங்கிக் கறுப்பாகத் தோன்றும். எதிரியின் மிதியாலும் இது நேரலாம். நோவு சிறிதாயின் ஓய்வும் குளிர் ஒத்தடமும் போதும். நோவு பொறுக்கமுடியாததாயின் முதல் ஓரிரு நாட்களுக்குள் வைத்தியர் நகத்தில் நுண்டுளையிட்டுக் குருதியை வெளியேற்றுவார். ஊசியைக் காய்ச்சி வீட்டிலே துளையிடும் வீரச் செயல் வேண்டா. கிருமி புகுவதற்கு நாமே வழி திறந்தவராவோம். வெறுங்காலுடன் விளையாடும்போது நகம் பெயர்ந்து புண்ணில் மண் படிந்தால், சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவியபின், ஏற்புவலித் தடுப்பூசி தேவையோவென்று வைத்தியசாலையிற் கேட்டறிதல் வேண்டும்.

உள்வளரும் நகம்

நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையைக் குத்தி உள்ளே வளர்வது இரண்டாவது துன்பம். நகத்தின் மூலைகளைப் பிறைபோல் வளைத்து வெட்டுவதும், முன்புறம் ஒடுங்கிய சப்பாத்தை அணிவதும் இதற்குக் காரணங்களாம். தொடக்கத்தில் வெந்நீரில் பாதத்தைச் சிறிது நேரம் வைத்திருத்தலும், விரல்கள் நெருக்குண்ணாத காலணியை அணிதலும் பயன் தரும். வீங்கிச் சீழ் கட்டினால் வைத்தியரை நாடுக. அவர் விரலை விறைக்கச் செய்து, குத்தும் ஓரத்தை மாத்திரம் நீக்கிவிடுவார். நீரிழிவு உடையோர் சீழ் கட்டும்வரை காத்திருத்தல் ஆகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த அவர்களுக்கு நோவு என்னும் காவலன் எச்சரிக்கை செய்யாமலே புண் முற்றிவிடக்கூடும். பழைய மாணவர் போட்டிக்காக ஆண்டுக்கொருமுறை மைதானத்தில் இறங்கும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

பங்கசு நோய்

வியர்வையில் நனைந்த காலுறையும், உலராத சப்பாத்தும், பலர் வெறுங்காலுடன் நடமாடும் குளியலறைத் தரையும் பங்கசு பரவுவதற்கு ஏற்ற இடங்களாம். விரலிடுக்கில் தொடங்கும் சொறி, நாளடைவில் நகத்திலும் பற்றி, அதனை மஞ்சணிறமாக்கித் தடிப்பித்து உதிரச் செய்யும். ஓயாத மோதலாலும் நகம் இவ்வாறே தடிக்குமாதலின், நகத்துண்டைச் சோதனைச்சாலையிற் பரிசோதித்தபின் மருந்துண்ணலே முறை. இதற்குரிய மாத்திரைகளை வழக்கமாக 12 வாரங்கள் உட்கொள்ளல் வேண்டும். ஈரலைப் பாதிக்கக் கூடியவையாதலின் வைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது.

ஐயத்துக்குரிய கறுப்பு

கறுப்பு யாவும் குருதிக் கறுப்பன்று. யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லி உதைபந்தாட்டத்தில் பேரார்வம் உடையவர். அவருடைய வலக்காற் பெருவிரல் நகத்தின் கீழிருந்தது மெலனோமா என்னும் புற்றுநோய் என்பது 1977ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. பந்தாட்டத்தில் அவ்விரலில் அடிபட்டமையால், அதனை விளையாட்டுக் காயமாகக் கருதுவது எளிதாயிருந்தது. நோய் உடலெங்கும் பரவி, 1981ஆம் ஆண்டு தமது 36ஆவது வயதில் அவர் காலமானார். அடிபடுவதால் இந்நோய் உண்டாகின்றதென்பதற்கில்லை. அடிபட்ட நினைவு அதனை மறைத்துவிடும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

வேறுபாடு அறியும் வழி எளிது. தேங்கிய குருதி நகத்தோடு முன்னோக்கி நகரும். சில வாரங்களில் அதன் பின்னே தெளிந்த நகம் தோன்றும். அவ்வாறு நகராத கறுப்பும், காரணமின்றித் தோன்றி அகலும் கறுப்புக் கோடும், நகத்தைச் சூழ்ந்த தோலிலும் பரவும் கறுப்பும் வைத்தியரிடம் உடனே காட்டத்தக்கவை. எம்மைப் போன்ற கருநிறத்தவரின் நகங்களில் மெல்லிய கபிலக் கோடுகள் தோன்றுதல் இயல்பே. ஆயினும் புதிதாகத் தோன்றுவதையும் மாறுவதையும் அலட்சியஞ் செய்யலாகாது.

வருமுன் காத்தல்

நகத்தை நேராகவும், சதையோடு ஒட்ட வெட்டாமலும் வெட்டுக. சப்பாத்தைப் பாதம் சற்றே பருத்திருக்கும் மாலை வேளையில் வாங்குக. நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையே ஒரு பெருவிரலின் அகலம் இருத்தல் நன்று. பாதம் முன்னே வழுக்காதவாறு நாடாவை இறுகக் கட்டுக. நனைந்த காலுறையை உடனே மாற்றுக.

எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் வெறுங்காலுடன் ஓடி வென்றார்; 1964ஆம் ஆண்டு தோக்கியோவிற் சப்பாத்தணிந்து ஓடி மீண்டும் வென்றார். வெறுங்கால் இழிவன்று, சப்பாத்து ஏற்றமுமன்று. பாதத்துக்குப் பொருந்துதலே வேண்டுவது. ஆனால், நம் மாணவர் பலர் தமையன்மாரின் பழைய சப்பாத்திலோ தோழரிடம் இரவல் பெற்ற சப்பாத்திலோ ஆடுகின்றனர். அளவு குறைந்த சப்பாத்து விரலை நெருக்குகிறது. அளவு மிகுந்தது வழுக்கி மோதச் செய்கிறது. ஆகவே, கல்லூரி அணிக்குச் சப்பாத்து அன்பளிப்புச் செய்ய விரும்பும் பழைய மாணவர்கள், தொகையை எண்ணுமுன் பாதங்களை அளப்பிப்பார்களாக. பயிற்றுநரும் வாரத்துக்கு ஒருமுறை காலுறையைக் கழற்றச் சொல்லி நகங்களைப் பார்வையிடுவார்களாயின், மாணவன் மறைக்கவும் வேண்டியதில்லை, நாணவும் வேண்டியதில்லை.