பந்து தொலைவு செல்வது எவ்வாறு?



எறியப்பட்ட பொருள் மிகுந்த தொலைவு செல்ல வேண்டுமாயின், அதனை 45 பாகைக் கோணத்தில் எறிதல் வேண்டும் என்று பௌதிக நூல்கள் கூறுகின்றன. நாமும் அதனைப் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றோம். ஆனால் கோல்ஃப் மைதானத்தில் நிற்கும் கைதேர்ந்த ஆட்டக்காரரைப் பாருங்கள். தொலைவு ஒன்றையே கருதி அவர் அடிக்கும் முதல் அடியில், பந்து தரையிலிருந்து ஏறக்குறைய 11 பாகைக் கோணத்திலேயே கிளம்புகின்றது. நூல் பொய்யா? ஆட்டக்காரர் அறியாதவரா? இவ்விரண்டும் இல்லை. இவ்வினாவுக்கு விடை காண முயல்வோமானால், பந்தைத் தொலைவாக அடிக்கும் வழியும் உடன் விளங்கிவிடும்.

கோல்ஃப் என்பது ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து, நெடுந்தொலைவில் உள்ள ஒரு குழியில் மிகக் குறைந்த அடிகளில் வீழ்த்தும் ஆட்டம். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. அதன் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீண்ட வழிகளில் முதல் அடியைப் பெரும்பாலும் ‘டிரைவர்’ என்னும் நீண்ட மட்டையால் அடிக்கின்றனர். ‘டீ’ எனப்படும் சிறு முளையின்மேல் பந்தை வைத்து அடிக்கும் அவ்வடிக்கு ‘டிரைவ்’ என்று பெயர். இது தொலைவு சென்றால் அடுத்த அடி எளிதாகும். ஆகையால்தான் இளைஞர் பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு, உடல் வலிமை முழுவதையும் திரட்டி ஓங்கி அடிக்கின்றனர். பந்தோ பக்கத்துப் புதரில் போய் விழுகின்றது!

வலிமைக்கும் தொலைவுக்கும் உள்ள தொடர்பை முதலில் ஆராய்வோம். மட்டையின் தலை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் பந்து வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தை அடைந்து பறந்துவிடுகின்றது. அந்நேரத்தில் பந்தின்மீது செயற்படும் சராசரி விசை சுமார் 700 கிலோகிராம் எடைக்கு நிகராகும். மோதிய உணர்வு கைக்கு எட்டுவதற்குள் பந்து போய்விடுகின்றது. எனவே, மோதும் கணத்தில் மணிக்கட்டை முறுக்குவதாலும் தோளால் உந்துவதாலும் யாதொரு பயனும் இல்லை. மட்டை பந்தை அடையும்பொழுது எவ்வளவு வேகத்தோடு வந்ததோ அதுவே பந்துக்குக் கிடைக்கும் செல்வம்.

அவ்வாறாயின், மட்டையின் தலையைக் கனமாக்கினால் என்ன என்று ஒரு மாணவர் கேட்கலாம். உந்தம் அழியாது என்னும் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். மட்டைத் தலை 200 கிராம். பந்து 46 கிராம். மோதி மீளும் தன்மை, விதிகள் இசையும் அளவான 0.83. இவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டால், பந்தின் வேகம் தலையின் வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று வரும். தலை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வந்தால் பந்து 75 மீட்டர் வேகத்தில் செல்லும். இனித் தலையை 300 கிராமாக்குங்கள். வேகம் குறையாது என்றே வைத்துக்கொண்டாலும், பந்தின் வேகம் நூற்றுக்கு ஏழு பங்குகூட உயராது. உண்மையிலோ கனத்த தலையை அதே வேகத்தில் வீசவும் இயலாது. ஆனால் தலையின் வேகம் நூற்றுக்குப் பத்து உயர்ந்தால் பந்தின் வேகமும் நூற்றுக்குப் பத்து உயர்கின்றது. ஆகவே நாம் தேட வேண்டியது கனமன்று, வேகமே.

அவ்வேகம் எங்கிருந்து வருகின்றது? சாட்டை சொடுக்குபவனைக் கவனித்திருப்பீர்கள். அவன் கை சிறிதே அசைகின்றது. சாட்டையின் நுனியோ கண்ணுக்குத் தெரியாத விரைவில் பாய்கின்றது. அடிப்பகுதியில் பிறந்த இயக்கம் படிப்படியாக நுனிக்குக் கைமாறிச் செல்கின்றது. கோல்ஃப் வீச்சும் இத்தகையதே. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளை அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர் 1968-இல் நூலாக வெளியிட்டனர். அதில் ஆட்டக்காரரின் கைகளை ஓர் ஊசலாகவும், மணிக்கட்டில் தொங்கும் மட்டையை இரண்டாவது ஊசலாகவும் கொண்டு விளக்கியுள்ளனர். முதலில் இடுப்பு திரும்புகின்றது. அதனைத் தொடர்ந்து மார்பும் தோள்களும், பின்னர்க் கைகள், இறுதியில் மட்டை. மணிக்கட்டு தொடக்கத்தில் மடங்கியே இருந்து, கைகள் கீழே இறங்கிய பின்னரே விரிகின்றது. அப்பொழுது கைகளின் வேகம் குறைந்து, மட்டையின் வேகம் உச்சத்தை எட்டுகின்றது.

இவ்வரிசை குலையுமிடத்தில்தான் வலிமை வீணாகின்றது. மேலிருந்தே கைகளால் அடிக்க விரைபவனுக்கு மணிக்கட்டு முன்னதாகவே விரிந்துவிடுகின்றது. பந்தை அடையும்பொழுது மட்டை தன் உச்ச வேகத்தை இழந்து நிற்கின்றது. பிடியை இறுக்கிப் பிடிப்பவனுக்கும் இதே நிலைதான். இறுகிய தசை மணிக்கட்டைத் தடுக்கின்றது. மெலிந்த உடலினர் சிலர் பருத்த உடலினரைக் காட்டிலும் தொலைவாக அடிப்பதன் காரணம் இதுவே. ஆகையால் உடல் பருமன் இல்லையே என்று எந்த மாணவரும் ஏங்க வேண்டியதில்லை.

வேகம் கிடைத்துவிட்டது. இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் 11 பாகைக் கோணத்தில் கிளம்பிய பொருள், காற்றே இல்லாத வெளியில் எவ்வளவு தொலைவு செல்லும்? வகுப்பில் கற்ற சூத்திரப்படி கணக்கிட்டால் சுமார் 215 மீட்டர் வரும். மூன்று வினாடியில் தரையைத் தொட்டுவிடும். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர் அடித்த பந்து வானிலேயே சுமார் 250 மீட்டர் கடந்து, ஏறக்குறைய ஆறு வினாடி மிதந்த பிறகே விழுகின்றது. காற்று தடை செய்யும் என்றல்லவா படித்தோம்? இங்கே அது தாங்கியும் நிற்கின்றதே!

இப்புதிரை ஆராய்ந்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். விடுமுறை நாட்களில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் விளையாடிய அவர், 1890-களில் பந்தின் பறத்தலைக் கணிதத்தால் ஆராய்ந்தார். பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே செல்கின்றது என்றும், அச்சுழற்சியே அதனை மேலே தாங்குகின்றது என்றும் அவர் கண்டார். பந்தோடு ஒரு நாடாவை இணைத்து அடித்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியை அளந்தார் என்றால், அவருடைய பொறுமையை என்னென்பது! அவருடைய மைந்தர் ஃபிரெடி டெய்ட் 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்ற வீரர். தென்னாப்பிரிக்கப் போரில் 1900-இல் இளமையிலேயே மாண்டார். மைந்தர் கையால் அறிந்ததைத் தந்தை கணக்கால் அறிந்தார்.

பின்சுழற்சி பந்தின் மேற்புறத்துக் காற்றை விரைவாகப் பின்னே செலுத்திக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. காற்றைக் கீழே தள்ளும் பந்தைக் காற்று மேலே தள்ளுகின்றது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவன்றோ! பந்தின்மேல் உள்ள சிறு குழிகளும் இதற்குத் துணை. 1848 வாக்கில் வழங்கத் தொடங்கிய கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன பந்துகள் வழுவழுப்பாக இருந்தன. அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்து புதியதைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கண்டனர். பின்னர் வேண்டுமென்றே வடுக்களை இட்டனர். குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கி, அது நெடுநேரம் ஒட்டியே செல்லுமாறு செய்கின்றன. பந்தின் பின்னால் உண்டாகும் இழுவை குறைகின்றது. குழிகளற்ற பந்து ஏறத்தாழப் பாதித் தொலைவே செல்லும்.

எனினும், அமிர்தமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சல்லவா? சுழற்சி மிகுந்தால் பந்து மேலே எழும்பி, முன்னேறாமல் தளர்ந்து விழும். தேர்ந்தவர்களின் டிரைவில் சுழற்சி நிமிடத்துக்கு 2,600 சுற்று அளவில் நிற்கின்றது. இதற்கு வழி, பந்தை முளையின்மேல் சற்று உயர வைத்து, முன்காலுக்கு நேராக நிறுத்தி, மட்டை தாழ்ந்து எழத் தொடங்கும் இடத்தில் அடிப்பது. அதனால் கோணம் உயரும், சுழற்சி குறையும். பந்து மட்டை முகத்தின் நடுவில் படுவதும் இன்றியமையாதது. விளிம்பில் பட்டால் ஒன்றரை மடங்கு என்ற கணக்குக் கெடும். எவ்வளவு வேகமாக வீசினாலும் தொலைவு குறையும்.

பயிற்சி செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள். முதலில் முக்கால் வீச்சில், பந்து நடுவில் படும் வரை பழகுங்கள். அடித்து முடிந்தபின் தடுமாறாமல் நிற்க முடிகின்றதா என்று பாருங்கள். தடுமாறினால் வீச்சில் அளவு மீறியது என்பது பொருள். நடுவில் படுதல் கைவந்தபின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கால்களுக்கும் இடுப்புக்கும் வலுவும் வளைவும் தரும் உடற்பயிற்சி செய்யுங்கள். உடலைச் சூடேற்றாமல் ஓங்கி அடிக்காதீர்கள். கோல்ஃப் ஆடுவோரை மிகுதியாக வருத்துவது கீழ் முதுகு வலியே. பத்துக் கஜம் கூடுதலாகப் பெற முதுகைக் கொடுப்பது நல்ல வாணிபமன்று.

45 பாகை என்ற விதி பொய்யன்று. காற்றும் சுழற்சியும் இல்லாத உலகுக்கு அது மெய். விதி எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கற்றவனே விதியைக் கற்றவன். இன்று மாலை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 60 மீட்டர் வேகம், 13 பாகைக் கோணம். காற்றில்லாத வெளியில் ஏறத்தாழ 160 மீட்டர் வர வேண்டும். பிறகு, நன்கு அடித்த பந்து ஏன் அதையும் தாண்டிப் போய் விழுகின்றது என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். அதை எழுத முடிந்தவருக்கு இப்பாடம் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.