‘பாசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தியா?

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்போது பணியாற்றிய வேறொரு மருத்துவமனையில் நடந்தது இது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூன்று வாரமாக நீங்காத இருமலுடன் வந்தார். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் முடிவைத் தெரிந்துகொள்ள அவருடைய மனைவி மட்டும் வந்திருந்தார். புறநோயாளர் பிரிவில் அன்று பெருங்கூட்டம். அறிக்கையைப் பார்த்துவிட்டு, “பாசிட்டிவ் வந்திருக்கும்மா. அவரைக் கூட்டிட்டு வாங்க, மருந்து தொடங்கணும்” என்று கூறி அடுத்தவரை அழைத்துவிட்டேன். அந்த அம்மையார் முகமலர்ச்சியோடு கைகூப்பிவிட்டுச் சென்றார்.

ஐந்து நாள் கழித்தே கணவரை அழைத்துவந்தார். ஏன் இத்தனை தாமதம் என்று சற்றுக் கடிந்தே கேட்டேன். “பாசிட்டிவ்னுதானே சொன்னீங்க டாக்டர்? பயப்பட ஒண்ணும் இல்லைன்னு நினைச்சோம். சத்து மருந்து ஏதாவது எழுதித் தருவீங்க, மெதுவா போகலாம்னு இருந்துட்டோம்” என்றார். அந்த ஐந்து நாளும் அவருடைய கணவர் மூன்று வயதுப் பேரனைத் தம் அருகிலேயே படுக்கவைத்து உறங்கியிருக்கிறார். அவருக்கு இருந்ததோ நுரையீரல் காசநோய்.

தவறு அந்த அம்மையாருடையது அன்று, என்னுடையது. எனக்கு நன்கு பழகிய ஒரு சொல் அவருக்கும் அதே பொருளைத்தான் தரும் என்று எண்ணிக்கொண்டேன். மருத்துவமனையில் நாள்தோறும் காதில் விழும் சொற்களுள் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ ஆகியவற்றைப் போலக் குழப்பம் விளைவிப்பவை வெகு சிலவே. அச்சொல்லின் கதையை ஒருமுறை தெரிந்துகொண்டால், அறிக்கையைக் கையில் வாங்கும்போது வீண் அச்சமும் வீண் மகிழ்ச்சியும் நீங்கும்.

சொல் வந்த வழி

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘பொனெரே’ என்றால் வைத்தல். அதன் வழிவந்த ‘பொசிட்டிவுஸ்’ என்பதற்கு ‘வைக்கப்பட்டது, நிறுவப்பட்டது’ என்று பொருள். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. நாம் அன்றாடம் புழங்கும் போஸ்ட், டெபாசிட், பொசிஷன் ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. வழிநெடுகக் குதிரைகளை இடம் குறித்து நிறுத்திவைத்துக் கடிதம் கொண்டுசென்ற ஏற்பாட்டிலிருந்து ‘போஸ்ட்’ வந்தது. கொண்டுபோய் வைப்பது ‘டெபாசிட்’.

ஆங்கிலத்தில் ‘பாசிட்டிவ்’ முதலில் சட்டத்துறைச் சொல்லாகவே வழங்கியது. இயல்பாக அமைந்த அறத்திலிருந்து வேறுபடுத்தி, ஆள்வோர் விதித்து வைத்த சட்டத்தை அச்சொல்லால் குறித்தனர். விதித்து வைத்தது ஐயத்துக்கு இடமற்றது ஆதலின், ‘உறுதியானது’ என்ற பொருள் அதன்மேல் ஏறியது. இன்றும் ஆங்கிலம் பேசுவோர் ‘ஐ ஆம் பாசிட்டிவ்’ என்றால், ‘எனக்கு உறுதியாகத் தெரியும்’ என்றுதான் பொருள்.

பின்னர் அறிவியலார் ஒவ்வொருவரும் தம் தேவைக்கு இச்சொல்லை எடுத்தாண்டனர். கணிதத்தில் சுழியத்தினும் மிகுந்த எண் ‘பாசிட்டிவ்’ ஆயிற்று. 1747இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரம் மிகுந்திருப்பதாகத் தாம் கருதிய பொருளைப் ‘பாசிட்டிவ்’ என்றும், குறைந்திருப்பதாகக் கருதியதை ‘நெகட்டிவ்’ என்றும் குறித்தார். எதில் மிகுதி என்பது அவருடைய ஊகமே. பின்னாளில் எலக்ட்ரான் கண்டறியப்பட்டபோது, கம்பியில் ஓடும் அத்துகள் அவர் ‘நெகட்டிவ்’ என்று பெயரிட்ட வகையைச் சேர்ந்தது என்பது தெரியவந்தது. ஆயினும் பெயர்களை எவரும் மாற்றவில்லை. பேட்டரியின் இரு முனைகளிலும் அவை இன்றும் அப்படியே நிற்கின்றன. 1840இல் ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர் இவ்விரு சொற்களையும் ஒளிப்படக் கலைக்குக் கொண்டுவந்தார். வெளிச்சம் கருப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் பதிந்தது நெகட்டிவ். நீங்கள் உறைக்குள் வைத்து எடுத்துவரும் எக்ஸ்-ரே ஃபிலிமும் அத்தகைய நெகட்டிவ்தான். கதிர் புகாத எலும்பு அதில் வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் தெரிவது அதனால்தான்.

‘நல்லது, நம்பிக்கையூட்டுவது’ என்னும் பொருள் இவையனைத்துக்கும் பிற்பட்டது. அமெரிக்கப் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் வெளியிட்ட ‘தி பவர் ஆஃப் பாசிட்டிவ் திங்கிங்’ என்னும் நூல் அப்பொருளை உலகெங்கும் கொண்டுசென்றது. தமிழகத்து இல்லங்களுக்கு வந்துசேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பொருளே. ஆய்வகமோ பழைய பொருளிலேயே பேசிக்கொண்டிருக்கிறது. குழப்பம் தோன்றும் இடம் இதுதான்.

உண்டு, இல்லை

தமிழ் இலக்கணம் படித்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். வினையை உடன்பாடு, எதிர்மறை என இரண்டாகப் பகுப்பது நம் மரபு. ‘வந்தான்’ என்பது உடன்பாடு. ‘வாரான்’ என்பது எதிர்மறை. வந்தவன் நண்பனா, கள்வனா என்பது இலக்கணத்துக்குப் பொருட்டன்று. ‘நோய் உண்டு’ என்பது உடன்பாடு. ‘நோய் இல்லை’ என்பது எதிர்மறை. கேட்பவர்க்கு எது இனிக்கும் என்பது வேறு செய்தி.

ஆய்வகத்தின் ‘பாசிட்டிவ்’ இந்த ‘உண்டு’ என்பதே; ‘நெகட்டிவ்’ என்பது ‘இல்லை’. எதைத் தேடினார்களோ அது கிடைத்தது, அல்லது கிடைக்கவில்லை. இக்காலத்து அறிக்கைகள் சிலவற்றில் ‘டிடெக்டட்’, ‘நாட் டிடெக்டட்’ என்றும், ‘ரியாக்டிவ்’, ‘நான்-ரியாக்டிவ்’ என்றும் அச்சிடுகிறார்கள். அவையும் இதே பொருளின.

எனவே அறிக்கையைக் கண்டவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘எதைத் தேடினார்கள்?’ என்பது. ஹெபடைடிஸ் பி பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ‘எச்.பி.எஸ். ஆன்டிஜென்’ பாசிட்டிவ் என்றால், கல்லீரலைத் தாக்கும் அக்கிருமி உடலில் இருக்கிறது. இதனைக் கண்டறிந்த பாரூக் பிளம்பெர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். அதே அறிக்கையில் வேறொரு வரியில் ‘ஆன்டி-எச்.பி.எஸ்.’ பாசிட்டிவ் என்றிருந்தால், அக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உங்கள் குருதியில் இருக்கிறது என்று பொருள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்க்கு நாம் விரும்பும் விடை அதுவே. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பினும், முன்னது சிகிச்சை தேவையா என்று ஆராய வேண்டிய செய்தி. பின்னது நிம்மதிக்குரிய செய்தி.

மார்பகப் புற்றுநோயிலும் இவ்வாறே. திசுவில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் ஆகிய ஹார்மோன்களின் ஏற்பிகள் உண்டா, ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுதியாக உண்டா என்று பார்க்கிறார்கள். ‘உண்டு’ என்பது அங்கே பயனுள்ள செய்தி. அந்த இலக்கைக் குறிவைத்து டமாக்சிஃபென், டிராஸ்டுசுமாப் முதலிய மருந்துகளைத் தர இயலும். மூன்றும் இல்லாததே ‘டிரிப்பிள் நெகட்டிவ்’. “மூணுமே நெகட்டிவ், டாக்டர்!” என்று மகிழ்ந்து சொன்ன ஒரு மகனிடம், அதன் உண்மைப் பொருளை எடுத்துச் சொல்ல நேர்ந்த நாளை நான் மறக்கவில்லை. அவ்வகைக்கும் கீமோதெரபி உள்ளிட்ட சிகிச்சைகள் இருக்கின்றன; ஆனால் அது நோயின்மையைக் குறிப்பதன்று.

குருதியில் குறை ஏதும் இல்லை

இரத்த வகையில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் நோயையே குறிப்பதில்லை. 1940இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் இரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து ‘ஆர்.எச்.’ என்னும் பெயர் வந்தது. சிவப்பணுவின்மேல் ‘டி’ என்னும் ஒரு புரதம் இருந்தால் பாசிட்டிவ்; இல்லையேல் நெகட்டிவ். இந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் நெகட்டிவ் வகையினர். அவர்களுடைய குருதி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ‘பெண்ணுக்கு நெகட்டிவ் இரத்தமாமே’ என்று திருமணப் பேச்சில் தயங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தயக்கத்துக்குக் காரணமே இல்லை.

வேண்டியது ஒரு கவனமே. தாய் நெகட்டிவாகவும் வயிற்றில் வளரும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், குழந்தையின் சிவப்பணுக்களுக்கு எதிரான பொருள்களைத் தாயின் உடல் உருவாக்கக்கூடும். அது அடுத்த குழந்தையைத் தாக்கும். கருவுற்ற 28ஆம் வாரத்தை ஒட்டியும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனில் 72 மணி நேரத்துக்குள்ளும் ‘ஆன்டி-டி’ ஊசி போட்டு இதனைத் தடுக்கலாம். கருச்சிதைவு நேர்ந்தாலும் மருத்துவரிடம் கேட்டு அவ்வூசி குறித்து முடிவெடுப்பது நல்லது.

ஐ.சி.யு. வாசலில்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருப்போர் காதில் வேறு சில ‘பாசிட்டிவ்’களும் விழும். ‘ஃபுளூயிட் பேலன்ஸ் பாசிட்டிவ்’ என்றால், உடலுக்குள் சென்ற நீர் வெளியேறிய நீரைவிட மிகுதி, அவ்வளவே. ‘பாசிட்டிவ் பிரஷர்’ என்றால், காற்றை அழுத்தி நுரையீரலுக்குள் செலுத்துவது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பலர் மூச்சுவிட இயலாமல் தவித்தபோது, பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் தொண்டையில் குழாய் பொருத்திக் கையால் காற்றுப் பையை அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பகலிரவாக அப்பைகளை அழுத்தினர். இன்றைய வென்டிலேட்டர்கள் அக்கைகளின் வேலையைத்தான் செய்கின்றன. மனநல மருத்துவத்தில் ‘பாசிட்டிவ் அறிகுறிகள்’ என்றால், இல்லாத குரல் கேட்பது போல, புதிதாக வந்து சேர்ந்தவை என்று பொருள். நல்ல அறிகுறிகள் என்பதன்று.

உண்டு என்பதும் தவறலாம்

எந்தப் பரிசோதனையும் முற்றும் பிழையற்றதன்று. ஒரு கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் பத்துப் பேருக்கு மட்டும் ஒரு நோய் இருக்கிறது. நோயுள்ளவரிலும் இல்லாதவரிலும் நூற்றுக்கு 99 பேருக்குச் சரியான விடை தரும் ஒரு பரிசோதனையை ஊரார் அனைவருக்கும் செய்கிறோம். நோயுள்ள பத்துப் பேரும் ஏறக்குறைய முழுமையாகப் பிடிபடுவர். நோயில்லாத 9990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம், ஏறத்தாழ நூறு பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்றே வரும். ஆக, பாசிட்டிவ் என்று வந்த 110 பேரில் உண்மையாகவே நோயுள்ளவர் பத்துப் பேர்தாம்!

இதனாலேயே அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று அறிவிக்குமுன், மூன்று வெவ்வேறு சோதனைகளால் உறுதி செய்ய வேண்டும் என்று நம் நாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. முதற்சோதனையை மட்டும் கண்டு மனம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன். மறுபுறம், ‘நெகட்டிவ்’ என்பதும் முடிவான விடுதலை அன்று. நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி தென்பட, ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 5000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். அதனினும் குறைவாக இருப்பின் ‘இல்லை’ என்றே விடை வரக்கூடும். இருமல் நீங்கவில்லையெனில் மீண்டும் வாருங்கள்.

‘பாசிட்டிவாக இருங்கள்’

இறுதியாக, நோயாளியைக் காண வருவோர் மிகுதியாகக் கூறும் அறிவுரையைப் பற்றி ஒரு சொல். அன்பினால் கூறப்படுவது அது, ஐயமில்லை. ஆனால் அழக்கூட உரிமையில்லாமல், வருவோர்க்கெல்லாம் சிரித்த முகம் காட்டிக் களைத்துப்போன நோயாளிகளை நான் அறிவேன். “நான் பாசிட்டிவா நினைக்காததாலதான் கட்டி திரும்ப வந்துடுச்சா, டாக்டர்?” என்று தாழ்ந்த குரலில் ஒருவர் கேட்டார். இல்லை. வருந்தியதால் புற்றுநோய் திரும்பி வருவதில்லை. மகிழ்ந்திருந்தால் கட்டி கரைவதும் இல்லை. மன அமைதி, உறக்கம், வேளை தவறாமல் மருந்து உண்ணும் உறுதி ஆகியவற்றுக்கு நம்பிக்கை துணைசெய்யும். அதன் மதிப்பு அங்கே பெரிது. நோய் முற்றியதற்கான பழியை நோயாளியின் எண்ணத்தின்மேல் ஏற்றுவது அறமன்று. அறிவுரைக்கு மாற்றாக அருகில் அமர்ந்து, “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை அறிக்கையைப் பெறும்போது, உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

1. இதில் எதைத் தேடினீர்கள்? அது உண்டா, இல்லையா?
2. இம்முடிவை மற்றொரு சோதனையால் உறுதி செய்ய வேண்டுமா?
3. நானும் என் வீட்டாரும் இன்றே செய்ய வேண்டியது என்ன?

கூட்டம் மிகுந்திருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். அன்று அந்த அம்மையார் மூன்றாம் கேள்வியைக் கேட்டிருந்தால் ஐந்து நாள் வீணாகியிராது. அவர் கேளாமலே நான் சொல்லியிருக்க வேண்டும் என்பதே சரி. அவருடைய கணவர் ஆறு மாதச் சிகிச்சையை முடித்துக் குணமடைந்தார். பேரனைப் பரிசோதித்ததில் நோய் இல்லை; தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தோம். அந்த முடிவைச் சொல்லும்போது நான் ‘நெகட்டிவ்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தவில்லை. “குழந்தைக்கு நோய் இல்லைம்மா” என்றேன்.