நத்தர்நகர் எங்கே போனது?

அமெரிக்காவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் 1847-இல் குடியேறிய மார்மன் சபையார், தங்கள் வேதத்தில் வரும் லீஹை, நீஃபை போன்ற பெயர்களை ஊர்களுக்குச் சூட்டினார்கள். ஆற்றுக்கு ஜோர்தான் என்று பெயர் வைத்தார்கள். யூட்டா மாநிலத்தில் அவை இன்றும் நிலைத்திருக்கின்றன. காவிரிக்கரையில் எந்தப் பெயரும் அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை.

திருச்சி மலைக்கோட்டைக் குகையில் சமணப் படுக்கைகள் இருக்கின்றன. 'சிரா' என்ற துறவியின் பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. (திரிசிரன் என்ற அசுரனின் கதையைச் சொல்வோரும் உண்டு.) சமணர் போனார்கள், அதே குன்றில் மகேந்திரவர்மன் சிவனுக்குக் குடைவரை எடுத்தான். ஆனாலும் சம்பந்தர் 'சிராப்பள்ளி' என்றே பாடியதால், பெயர் சைவர்கள் நாவில் ஏறித் தப்பித்துக்கொண்டது.

நத்தர்நகருக்கு அந்த யோகம் இல்லை. ஆற்காட்டு நவாபுகள் காலத்துப் பாரசீக நூல்களில் திருச்சிக்கு அதுதான் பெயர். சூஃபி ஞானி நத்தர் வலியின் நினைவாக வந்தது. நவாபு முகம்மது அலி வாலாஜா அடங்கியிருப்பதும் அவரது தர்காவில்தான். நவாபு ஆட்சி போனது, நகரின் பெயரும் கூடவே போனது. ஜனங்கள் நாள்தோறும் வந்துபோகும் நத்தர்ஷா பள்ளிவாசல் என்ற அந்தத் தர்காவின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்றழைத்து, வீரமாமுனிவர் ஒரு கலம்பகமே பாடினார். இன்றும் பஸ்ஸில் ஏலாக்குறிச்சிக்குத்தான் டிக்கெட்.

இதில் கெட்டிக்கார ஊர் ஸ்ரீரங்கம். ராஜமகேந்திரன், குலசேகரன், அகளங்கன் என்று திருச்சுற்றுகளுக்கு அரசர் பெயர்களை அடுக்குகிறது கோயிலொழுகு. அவையெல்லாம் ஏட்டோடு சரி. வீட்டு விலாசத்தில் இருப்பவை உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெரு. தைத்தேர் உத்திர வீதியில் ஓடுகிறது. சித்திரைத்தேர் சித்திரை வீதியில். வருடாவருடம் தேர் வந்து பெயரைப் புதுப்பித்துவிட்டுப் போகிறது.

கவலை வேறு இடத்தில். கோட்டை அகழியைத் தூர்த்துப் போட்ட சாலைகளின் 'பூல்வார்டு' என்ற பெயரை 'புலிவார்டு' என்று வாய்க்கு வசமாக்கிக்கொண்ட ஊர் திருச்சி. அதில் கீழப் புலிவார்டு ரோடு இப்போது வெறும் ஈ.பி. ரோடு. வெளியூர்க்காரர் மின்வாரியம் என்றுதான் நினைப்பார்! புறநகரிலோ அவென்யூ, என்க்ளேவ், கார்டன். ஊர் வளர்ந்தால் பெயரும் மாறத்தானே செய்யும் என்பார்கள், மாறட்டும். எழுத்தாகச் சுருங்கிய பெயரிடம் எந்தக் கதையைக் கேட்பது?

ஸ்ரீரங்கத்துக்காரர்களே, அடுத்த கல்யாணப் பத்திரிகையில் விலாசத்தைச் சுருக்காமல், மேல அடையவளஞ்சான் தெரு என்று முழுசாகவே அச்சடியுங்கள்.