மரபணு வெளிப்பாட்டின்வழி மூளை உயிரணு வகைப்பாடு

மரபணு வெளிப்பாட்டின்வழி மூளை உயிரணு வகைப்பாடு என்பது, மூளையிலுள்ள உயிரணுக்களை (செல்களை) அவற்றின் வடிவத்தைக் கொண்டு அல்லாமல், அவற்றினுள் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதைக் கொண்டு வகைகளாகப் பிரிக்கும் முறை ஆகும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றிற்கு நிகரான எண்ணிக்கையில் கிளியா முதலிய பிற உயிரணுக்களும் உள்ளன. இவை எத்தனை வகைப்படும் என்ற வினாவிற்கு முடிந்த முடிபான விடை இன்னும் இல்லை.

அடிப்படை

உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ. தொகுதியே உள்ளது. புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் மட்டும் அதில் ஏறத்தாழ 20,000 உள்ளன. ஆனால் ஓர் உயிரணு அவற்றுள் ஒரு பகுதியையே பயன்படுத்துகிறது. இயங்கும் மரபணுவிலிருந்து செய்திகாவும் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. ஆகவே, ஓர் உயிரணுவிலுள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை எண்ணினால் அது அவ்வேளையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது ஓரளவு புலப்படும். மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற ஓரிடத்தில் கூடங்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். உள்ளே ஓடும் எந்திரங்களைப் பார்த்தால்தான் எது எத்தொழில் செய்கிறது எனத் தெரியும். இம்முறையும் அத்தகையதே.

வரலாறு

1873 இல் இத்தாலியரான கமில்லோ கொல்கி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களைச் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்தார். எசுப்பானியரான சான்டியாகோ ரமோன் இ கஹால் அம்முறையைப் பயன்படுத்தி, நரம்பணுக்களின் கிளைகளைப் பெரும் எண்ணிக்கையில் வரைந்தார். இருவரும் 1906 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கூம்பு வடிவ நரம்பணு, கூடை நரம்பணு போன்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

ஒரேயோர் உயிரணுவின் ஆர்.என்.ஏ. முழுவதையும் படிப்பது 2009 இல் கேம்பிரிட்ச்சில் அசீம் சுரானியின் குழுவினரால் செய்து காட்டப்பட்டது. 2015 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சுண்டெலி மூளையின் 3,005 உயிரணுக்களை 47 உள்வகைகளாகப் பிரித்தனர். 2023 இல் வெளியான சுண்டெலி முழுமூளை வரைபடமோ சுமார் 40 இலட்சம் உயிரணுக்களிலிருந்து 5,322 கொத்துகளைத் தந்தது.

செயல்முறை

மனித மூளைத் திசு பெரும்பாலும் இறந்தோரிடமிருந்து பெறப்பட்டு உறையவைக்கப்படுகிறது. கிளைகள் பின்னிப் பிணைந்த நரம்பணுக்களை அதிலிருந்து முழுதாகப் பிரித்தெடுப்பது அரிது. எனவே உட்கருக்களை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ. படிகளிலும் ஓர் அடையாளக் குறியீட்டை இணைக்கின்றனர். இதனால் அனைத்தையும் ஒன்றாகக் கலந்து படித்தாலும் எது எந்த உட்கருவிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

கிடைப்பது ஒரு மாபெரும் அட்டவணை. வரிசைகளில் உயிரணுக்கள், நிரல்களில் மரபணுக்கள், கட்டங்களில் எண்ணிக்கைகள். பெரும்பாலான கட்டங்களில் சுழியமே இருக்கும். மரபணு இயங்கவில்லை என்பதாலும் சுழியம் வரலாம். இயங்கியும் அளவீட்டில் தவறிப்போனதாலும் வரலாம். இவ்வட்டவணையைக் கணினி சில பத்துப் பரிமாணங்களுக்குச் சுருக்கி, ஒத்தவற்றை அருகருகே சேர்த்துக் கொத்துகளாக்குகிறது. பின்னர் அடையாள மரபணுக்களைக் கொண்டு கொத்துகள் இனங்காணப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஜி.ஏ.டி.1 மரபணு இயங்குவது அடக்கும் நரம்பணுக்களைக் காட்டும்.

வகை என்பது எது?

கொத்துகளின் எண்ணிக்கையை இயற்கை மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தனை உயிரணுக்கள் படிக்கப்பட்டன, எந்த அளவு வேறுபாட்டில் இரண்டாகப் பிரிப்பது என்னும் தெரிவுகளும் அதில் அடங்கும். அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் 2016 இல் சுண்டெலியின் பார்வைப் புறணியில் 49 வகைகளை அறிவித்தது. 2018 இல் இன்னொரு பகுதியையும் சேர்த்து, மேலும் பல உயிரணுக்களைப் படித்தபோது 133 வகைகள் கிடைத்தன. சுண்டெலியின் மூளை அப்படியேதான் இருந்தது.

ஆகவே கொத்து ஒவ்வொன்றையும் ஒரு வகை எனக் கொள்வது தவறாகும். வடிவம், மின் இயல்பு, அமைவிடம் ஆகியவற்றுடன் பொருந்தும்போதே அது வலுப்பெறுகிறது. 2018 இல் அங்கேரிய, அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதப் புறணியில் அறிவித்த 'ரோசுகிப்' நரம்பணு இதற்கு நல்ல சான்று. மரபணுக் கொத்தும் நுண்ணோக்கியில் தெரிந்த வடிவமும் அங்கே ஒன்றையொன்று உறுதி செய்தன.

இவ்வினா நோய் ஆய்விற்கும் முதன்மையானது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது நெடுங்காலமாக அறிந்ததே. 2022 இல் வெளியான ஆய்வொன்று அவற்றை 10 வகைகளாகப் பிரித்து, ஏ.ஜி.டி.ஆர்.1 மரபணு இயங்கும் ஒரு வகையே மிகுதியாக அழிவதைக் காட்டியது. அனைத்தையும் ஒரே வகையாகக் கொண்டிருந்தால் இது தெரிந்திராது.

சென்னை மூளை வரைபடம்

2023 இல் வெளியான மனித மூளை வகைப்பாடு 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட உட்கருக்களிலிருந்து 461 கொத்துகளையும் 3,313 உட்கொத்துகளையும் தந்தது. எனினும் அவை மூவரின் மூளைகளிலிருந்து மட்டுமே பெறப்பட்டவை. மேலும், திசுவைக் கரைத்து உட்கருவைப் பிரித்தவுடன் அதன் துல்லியமான அமைவிடம் இழக்கப்படுகிறது.

அமைவிடத்தைக் காக்கும் பணி தமிழ்நாட்டில் நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022 இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருட்டிணன் மூளை மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசத்தின் தலைமையில் 'தரணி' என்னும் கருமூளை வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருமூளைகளின் 5,132 சீவல்கள் உயிரணு அளவில் தெரியுமாறு படமாக்கப்பட்டு, 500-க்கும் மேற்பட்ட பகுதிகள் குறிக்கப்பட்டுள்ளன. இணையத்தில் எவரும் இதைக் கட்டணமின்றிக் காணலாம்.

தரணி மரபணு இயக்கத்தை அளக்கும் வரைபடம் அன்று. சாயமேற்றிய சீவல்களின் தொகுப்பே. ஆயினும் அவ்வாரங்களில் நரம்பணுக்கள் பிறந்து, இடம்பெயர்ந்து, முதிர்ந்துகொண்டிருக்கின்றன. முதிராத உயிரணுக்களின் மரபணு இயக்கம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறுவதால், அங்கே கொத்துகளுக்கு இடையே எல்லை வரைவது கடினம். அது எந்த அடுக்கில் இருந்தது என்பதே அப்போது பெரும் துணையாகும்.