காய்ச்சினால் போதுமா?

ராணிப்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, "குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணியை இருபது நிமிஷம் கொதிக்க வைக்கிறேன் அக்கா, பயமே இல்லை" என்றாள். எனக்குப் பகீரென்றது! காய்ச்சினால் கிருமிதான் சாகும். உப்பும் உலோகமும் எங்கே போகும்? தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டிப்படும்.

அந்தப் பக்கத்தில் இது வீண் பயமில்லை. 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை வளாகத்திலேயே விட்டுப் போனது. மழையில் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் உப்பு வேறு! தண்ணீர் மஞ்சளித்தால் நமக்கே தெரியும். ஆனால் குடிநீரில் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அதைச் சற்றுத் தாண்டினால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

பரிசோதனைதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். பம்பை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டுப் பிடியுங்கள். (எண்ணெய் பாட்டில் வேண்டாமம்மா!) "குரோமியமும் பார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சாதாரணப் பரிசோதனையில் அது சேராது. ஒருதரம் பார்த்ததோடு விடாமல், மழைக்கு முன்னும் பின்னும் பார்த்து, பால் கணக்கு நோட்டிலேயே தேதியோடு குறித்து வையுங்கள்.

தங்கை பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். முடிவு வரும்வரை பாலுக்கும் சமையலுக்கும் தூரத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான். இரண்டு குடம் அதிகம் சுமக்கிறாள், பாவம்.